ஏறுகிற வண்டிக்கு வழி

கம்ப்யூட்டருக்குள்ளே ஜீப்பு ஓட்டி மலையேறி ஜெயித்த முதல் ராசிங்காபுரத்தான் நான்தான். மறுக்கிறவர்கள் யாராவது இருந்தால் நேரில் வரட்டும், பேசிக்கொள்வோம். எட்டாவதைத் தாண்டாதவன் நான். இன்றைக்குப் போடியில் ஏலக்காய் லோடு அடிக்கிற ஜீப்புகளில் பாதிக்கு என் பெயர்தான் எழுதியிருக்கும். நாற்பது முடிவதற்குள்ளேயே என்னைப் பெரியவர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டது, ஆறாவது முடிந்த அந்த முழுப்பரீட்சை லீவுதான்.

அப்போது போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். நடத்தியவர் கல்யாணமாகாத இளவட்டம். மலைக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவருடைய தமிழுக்கு நடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். பையன் லீவில் கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்றார் அப்பா. தனியாக பஸ் ஏறக்கூடாது என்று அம்மா அத்தையைத் துணைக்கு அனுப்பினாள். அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை, வீட்டில் அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் முனகிக்கொண்டே வந்தவள், ஒரு வாரத்துக்குள் எனக்கு முன்னால் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நிற்க ஆரம்பித்தாள். அவளுக்கும் கம்ப்யூட்டர் ஆசை பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

படித்தது கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் ஒரு விளையாட்டு உலகம். அதற்குள்ளே கடல் இருக்கும், கடைத்தெரு இருக்கும், பனிமலை இருக்கும். எந்தெந்த தேசத்து ஆட்களோ ஆளுக்கொரு பொம்மையாக உலாவுவார்கள்.

"இது உன்னோட அவதாரம் மோனே. நீ சொன்ன வழிக்குப் போகும்" என்றார் கடைக்காரர்.

வேட்டி கிடைக்கவில்லை. ஆகவே இருப்பதிலேயே பெரிய மீசையை ஒட்டி, பச்சைக் கோட்டு மாட்டி இறக்கிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'எஸ்' ஒன்றுதான். யார் எது கேட்டாலும் அதையே அடித்தேன். அதனால் எனக்குக் கிடைத்த அனுபவம் இங்கிலீஷ் மீடியத்துப் பிள்ளைகளுக்கு ஜென்மத்துக்கும் கிடைத்திருக்காது. முன்பின் தெரியாத ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிறுத்தினார்கள். ஒரு கூட்டம் என் தலையில் கொம்பு முளைக்க வைத்தது. கடலுக்குள் நடக்கிறாயா என்று எவனோ கேட்டிருப்பான் போல, அதற்கும் 'எஸ்'. திமிங்கலத்தின் வயிற்றுக்குக் கீழே நடந்து போய் அக்கரையில் ஏறினேன்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் அத்தையும் ஒரு சிவப்புப் பாவாடைப் பொம்மை வைத்திருந்தாள். அது எங்கேயும் போகாது. கடற்கரைப் பெஞ்சில் ஒரு நீலச்சட்டைப் பொம்மையோடு உட்கார்ந்தே இருக்கும்.

"வா அத்தை, திமிங்கலம் காட்டுறேன்."

"நீ முன்னால போ மருமகனே, நான் பின்னாடியே வர்றேன்."

வந்ததே இல்லை. நீலச்சட்டை யார் என்று நான் கேட்டதும் இல்லை. எனக்கு எங்கே நேரம்?

வில்லங்கம் ஒரு வக்கீல் மகனால் வந்தது. கூட்டாளிகளோடு வந்து மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடுகிறவன். ஜன்னலோரக் கம்ப்யூட்டர்தான் வேகமானது. அதில் நான் உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, இந்தப் பட்டிக்காட்டான் இருந்தா நாங்க வரமாட்டோம். வேற கடை பாத்துக்கிருவோம்."

"தைரியம் இருந்தா பந்தயத்துக்கு வாடா" என்றேன்.

"சரிடா. தோத்தவன் இந்தப் படிய மிதிக்கக் கூடாது."

பனிமலை உச்சியில் ஒரு கொடி. அதைத் தொட்டுவிட்டு அடிவாரத்து மணிக்கூண்டுக்கு முதலில் திரும்புகிறவன் ஜெயித்தவன். வழியில் பள்ளத்தில் விழுந்தால் உயிர் போகாது, வண்டி அடிவாரத்தில் முழுசாக நிற்கும். ஆனால் தொட்ட கொடி செல்லாது, மறுபடி ஏற வேண்டும்.

கடைக்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. அத்தை என்னைத் தனியே இழுத்துப் போனாள்.

"ஏண்டா, தோத்துட்டேன்னா நாம இங்கிட்டு வரவே முடியாதேடா!"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என் மானத்தின் மேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நெஞ்சு நிறைந்துபோனது எனக்கு.

அவன் சிவப்புக் காரை எடுத்தான். நான் ஜீப்பை எடுத்தேன். வேறு எதை எடுப்பேன்? அப்பா எஸ்டேட் ஜீப்பு டிரைவர். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பொம்பளைகளை அடைத்துக்கொண்டு அவர் போடிமெட்டு ஏறும்போது, முன்சீட்டில் இடுக்கிக்கொண்டு போய் வளர்ந்தவன் நான். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். ஆளும் பாரமுமாக ஏறுகிறவன் ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது லேசில்லை. எங்கள் பக்கத்தில் எந்த டிரைவரும் இதை மீறமாட்டான்.

கார் சிட்டாகப் பறந்தது. நான் பாதி மலை ஏறுவதற்குள் அவன் கொடியைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு வளைவில் நேருக்கு நேர் வந்தான். ஏறுகிறவன் நான், ஒதுங்க வேண்டியவன் அவன். நடு ரோட்டில் ஹார்னை அழுத்திக்கொண்டு நான்பாட்டுக்கு ஏறினேன்.

"ஒதுங்குடா! டேய், ஒதுங்குடா!"

"நீ ஒதுங்குடா. நீதானடா இறங்குற!"

கடைசி நேரத்தில் ஒடித்தான். கார் பள்ளத்துக்குப் போனது.

நான் கொடியைத் தொட்டுவிட்டுப் பாதி இறங்கியிருப்பேன். அவன் மறுபடியும் ஆங்காரமாக ஏறி வந்தான். இப்போது இறங்குகிறவன் நான். என் கை தானாகவே ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்திவிட்டது.

கடையே அலறியது. அத்தை என் முதுகில் குத்தினாள்.

"ஏண்டா நிறுத்துன? போடா வெரசா!"

"அவன் ஏறுறான்ல அத்தை. போகட்டும்."

"எடுபட்ட பயலே, இது என்ன போடிமெட்டாடா?"

வக்கீல் மகன் மிரண்டுவிட்டான். ஏறும்போது மல்லுக்கு நின்றவன் இப்போது மரியாதையாக ஒதுங்கி நிற்கிறானே, ஏன்?

"டேய், என்னமோ பண்ணி வச்சிருக்கான்டா!" என்றான்.

"அவன் பக்கம் போகாத, அங்கிட்டு ஒடி, அங்கிட்டு ஒடி!" என்றார்கள் கூட்டாளிகள்.

அங்கிட்டே ஒடித்தான். அங்கிட்டு ரோடு இல்லை.

அவன் விழுந்த பள்ளத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்து, நிதானமாக இறங்கி மணிக்கூண்டில் நிறுத்தினேன். என் மீசைக்காரன் ஜீப்பின் கூரைமேல் ஏறி ஆட்டம் போட்டான். எங்கிருந்தோ பொம்மைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு என்னமோ கேட்டன. எல்லாருக்கும் 'எஸ்' என்றேன்.

வக்கீல் மகனும் கூட்டாளிகளும் படி இறங்கிப் போய்விட்டார்கள். கடையில் காசு புழங்கியதே அவர்களால்தான். கடைக்காரரோ என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். ஓடிப்போய் அத்தைக்கும் எனக்கும் ரோஸ்மில்க் வாங்கி வந்தார். "நாளைக்கும் வரணும், கேட்டோ" என்று என்னிடம்தான் சொன்னார், அத்தையைப் பார்த்துக்கொண்டு.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் மனதில் பட்டதை அத்தையிடம் சொன்னேன்.

"அத்தை, அந்த அண்ணனுக்கு வியாபாரமே தெரியல. வந்த வாடிக்கையெல்லாம் போயிருச்சு, உக்காந்து சிரிக்கிறாரு. இப்படி இருந்தா அவருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அத்தை தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசிங்காபுரம் வந்து இறங்குகிறவரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பாவம், பந்தயத்தில் ரொம்பப் பயந்துவிட்டாள், அந்த நடுக்கம் இன்னும் அடங்கவில்லை என்று நினைத்து, ஜெயித்தவன் தோரணையில் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.