கையால் மிதித்த கிளட்ச்

எனக்கு வாய் அதிகம். கும்மிடிப்பூண்டி பஜாரில் அந்தக் காலத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். காலைப் பற்றி அப்புறம்தான் சொல்வார்கள். இடது முட்டி மடங்காது. அறுபதுகளின் கடைசியில் நான் ஒரு சவுக்கு மண்டி முதலாளியிடம் லாரி டிரைவராக இருந்தேன். லோடு ஏற்றும்போது கட்டை ஒன்று உருண்டு வந்து முட்டியில் இறங்கியது. ஆறு மாதம் கட்டுப் போட்டுக் கிடந்து எழுந்தால், கால் நீட்டினது நீட்டினபடி நின்றுவிட்டது. கிளட்சை மிதிக்க முடியாதவன் என்ன டிரைவர்? எனக்குப் பெண் பேசி வைத்திருந்த வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

இரண்டு வருடம் சவுக்கு டிப்போ மூலையில் ஒரு ஓலைக் கொட்டகையில் கிடந்தேன். முதலாளி சோற்றுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் பேச ஆளில்லை. லாரிக்காரர்கள் வருவார்கள், லோடை இறக்குவார்கள், போய்விடுவார்கள். நின்று பேசினால் நான் ஏதாவது சொல்லிக் கடிப்பேன், அதனால் நிற்கவும் மாட்டார்கள்.

அப்புறம்தான் அந்த வண்டி வந்தது. நிலத்தடித் தண்ணீர் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன டிரக், முதலாளி ஏலத்தில் எடுத்தார். நாலு சக்கரமும் இழுக்கும். சுண்ணாம்புக்குளம் தாண்டி ஏரிக்கரை மணலில் எங்கள் சவுக்குத் தோப்பு இருந்தது. லாரி போனால் புதைந்துவிடும் அந்த மணலில் இது ஆடு மாதிரி ஏறிப்போகும். ஸ்டியரிங் இடது பக்கம். கியர் தானாகவே மாறிக்கொள்ளும்.

"இந்தா பாருப்பா, இதுல கிளட்ச்சே கெடையாது. ரெண்டே பெடலு. ஒனக்கு வலது காலு ஒண்ணு போதும். ஓட்றியா?" என்றார் முதலாளி.

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், டிப்போ நடுவில் அத்தனை பேர் எதிரில் அழுதேன்.

அந்த வண்டியை நான் ஓட்டியது ஒன்றரை வருடம். கதவைக் கழற்றிவிட்டு, மடங்காத காலை வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு உட்காருவேன். லாரி டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். "இன்னாபா, கீரே இல்லாத வண்டி? தையல் மிஷினா ஓட்டினுகீற?" நான் விடுவேனா? "ஒன் லாரி மணல்ல மாட்டிக்கினா கயிறு எடுத்துக்கினு என் மிஷினாண்டதான் வரணும், மூடிக்கினு போ" என்பேன். அப்படித்தான் வந்தார்கள். எனக்குத் திமிர் ஏறியது. நன்றாகவே ஏறியது.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். அந்த கியர் பாக்ஸுக்குச் சிவப்பாக, தண்ணியாக ஒரு தனி எண்ணெய் உண்டு. மெட்ராஸில் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும். பாக்ஸில் எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது, அளவு குறைந்துகொண்டே வந்தது. கடையில் கேட்டால் அடுத்த மாதம் வா என்றான். அடுத்த மாதம் வரை வண்டியை நிறுத்தினால் நானும் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாள்கூட அங்கே உட்கார எனக்கு மனசில்லை. எண்ணெய் எண்ணெய்தானே என்று, லாரிக்கு ஊற்றும் கெட்டி எண்ணெயை எடுத்து ஊற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இருபது நாள் ஓடியது. அப்புறம் ஒரு மத்தியானம் தோப்பில் என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை.

ஆரம்பாக்கத்திலிருந்து மேஸ்திரி வந்தார். தெலுங்கு வீட்டு மெக்கானிக், என் வயசுதான். அதிகம் பேசாதவர். அடித்தட்டைக் கழற்றினார். கறுப்பாகக் கூழ் மாதிரி கொட்டியது. விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"லாரி எண்ணெ ஊத்தினியா நைனா?"

நான் அந்தக் கூழின் மேல் காலால் மணலைத் தள்ளினேன். அதற்குள் முதலாளி வந்து நின்றார். "இன்னாச்சு மேஸ்திரி?"

மேஸ்திரி கையைத் துணியில் துடைத்தார். "வயசாயிடுச்சு மொதலாளி. இதுக்கு சாமான் கெடைக்காது."

"அப்ப நம்மூரு கீர் பாக்ஸா போட்டுடுங்க" என்றார் முதலாளி. சொன்ன பிறகுதான், அதற்குக் கிளட்ச் உண்டே என்று என் காலைப் பார்த்தார். "ஒனக்கு வேற எதனா பாத்துக்கலாம்பா."

வேறு எதனா! எனக்கு அந்த வண்டியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஆனால் எந்த முகத்தோடு கேட்பேன்? கெடுத்தது நான்.

என் பிழைப்பை முடிக்கப்போகும் கியர் பாக்ஸை வாங்க நானே மேஸ்திரியோடு மெட்ராஸில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். கிடைத்தது ஒரு பழைய ராணுவ வண்டியினுடையது. லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் போட்டுக் கொண்டுவந்தோம். அது எங்கள் என்ஜினோடு பொருந்தவில்லை, ஓட்டைகள் வேறு இடத்தில் இருந்தன. மேஸ்திரி ஒரு கனமான இரும்புத் தகடை வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் என்ஜினுக்கும் மறுபக்கம் பாக்ஸுக்கும் ஓட்டை போட்டு நடுவில் வைத்தார். புதுப் பாக்ஸ் நீளம் அதிகம். அதனால் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை வெட்டிக் குறுக்கினோம். முன்சக்கரத்துக்குப் போவதை ஒட்டு வைத்து நீட்டினோம். கியர் தடி வெளியே வர வண்டித் தரையில் ஓட்டை வெட்டினோம். நான் கீழே மல்லாந்து படுத்துப் பாக்ஸை மார்பில் தாங்குவேன், அவர் மேலே போல்ட்டைத் தேடுவார். படுத்துச் செய்யும் வேலைக்கு முட்டி மடங்க வேண்டியதில்லை.

ஒரு மாதம் நடந்தது அந்த வேலை. காலையில் அவர் வரும்போது இரண்டு பொட்டலம் நாஷ்டா வாங்கி வருவார். ஒன்றை என் பக்கம் தள்ளுவார். சொன்னால் சிரிப்பீர்கள், கால் போன பிறகு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மாதம்தான். ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் எனக்கு வேலையும் முடிகிறது, துணையும் முடிகிறது என்று தெரியும். வேண்டுமென்றே ஸ்பேனரைத் தொலைத்துவிட்டுத் தேடியிருக்கிறேன்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் அவர் பழைய லாரியின் ஹேண்ட் பிரேக் தடி ஒன்றைக் கொண்டுவந்தார். என்னைச் சீட்டில் உட்காரச் சொல்லி, இடது கை எவ்வளவு எட்டுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு?"

"கிளட்ச்ச கையால இழு. காலு இல்லன்னா இன்னா?"

நன்றி என்று சொல்லத் தெரியாமல், "தடி துருப் பிடிச்சுக்கீது, வேற கெடைக்கலியா ஒனக்கு?" என்றேன். அவர் சிரித்தார்.

அவர் தடியைக் கிளட்சோடு இணைத்ததும் டிப்போவுக்குள் ஓட்டினேன், நன்றாக வந்தது. இடது கையால் கிளட்சை இழுக்க, வலது கையால் கியர் மாற்ற, அந்த ஒரு கணம் ஸ்டியரிங்கை மார்பால் அழுத்திக்கொள்ள வேண்டும். மெயின் ரோட்டில் ஆரம்பாக்கம் வரை போய்வந்தேன். வழியெல்லாம் சத்தமாகப் பாடினேன். முதலாளி பார்த்துவிட்டு, "ரோட்ல சரிப்பா. லோடோட மணல்ல ஏறு. ஏறிட்டா வண்டி ஒன்னுதுதான்" என்றார்.

மறுநாள் காலை தோப்பில் லோடு ஏற்றினார்கள். மேஸ்திரியும் வந்திருந்தார். மணல் மேட்டில் முதல் கியரில் ஏறி, இரண்டாவதுக்கு மாற்றினேன். பாதியில் திணறியது. இரண்டாவது கியரிலிருந்து திரும்ப முதலாவதுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு கையும் இரண்டு தடியில் இருக்கும்போது ஒரு சவுக்கு வேர் சக்கரத்தை உதைத்தது. ஸ்டியரிங் என் மார்பில் அறைந்து சுழன்றது. வண்டி பக்கவாட்டில் சறுக்கிப் புதைந்தது. ஆட்கள் தள்ளினார்கள். மறுபடி ஏறினேன், மறுபடி புதைந்தது.

"விடுப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

"இல்ல மொதலாளி, ஏத்திக் காட்றேன்!"

மூன்றாவது தடவை கோபத்தோடு ஏற்றினேன். உச்சி தெரிந்தது, உண்மையாகவே தெரிந்தது. அப்போது வேர் மறுபடி உதைத்தது, வண்டி சாய்ந்தது, லோடு கட்டின கயிறு அறுந்தது. பின்னால் யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன். ஒரு கட்டை மேட்டிலிருந்து உருண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் துள்ளி விலகினாள். அவள் நின்ற இடத்தில்தான் கட்டை போய் நின்றது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் இறங்கு என்று சொல்லவில்லை. முதலாளிகூடச் சொல்லவில்லை. நான்தான் நீட்டின காலை முதலில் தரையில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"வேற ஆளப் போட்டுக்கோங்க மொதலாளி. எண்ணெ மாத்தி ஊத்தி பாக்ஸக் கெடுத்ததும் நான்தான்" என்றேன்.

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி மணலைப் பார்த்தார். முதலாளி திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "வெயில்ல நிக்காத, போய் ஒக்காரு" என்று மட்டும் சொன்னார்.

டிப்போ வாசலில் எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார். குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருக்கும், வண்டி வந்தால் தூக்க வேண்டும். மேஸ்திரிக்கு எங்களிடம் வேலை முடிந்துவிட்டது. இரண்டு தடவை வந்து பார்த்தார். அவர் செய்துகொடுத்த தடியை வீணாக்கிய வெட்கத்தில் நான் மூங்கிலைக் கட்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். பிறகு அவரும் வரவில்லை.

வண்டிக்குப் பொன்னேரிப் பக்கத்திலிருந்து புது டிரைவர் வந்தார். நல்ல மனுஷர், கியரை மட்டும் நறநறவென்று போடுவார். ஒரு நாள் மூங்கிலுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கேட்டார். "அண்ணே, சீட்டாண்ட ஒரு தடி கீதே, இது இன்னாத்துக்கு?"

அதில் என் கைப்பிடிக்காகச் சுற்றின துணிகூட இன்னும் அப்படியே இருந்தது.

"சோத்துத் தூக்கு மாட்றதுக்கு" என்றேன்.

"அட, நல்லாக்கீதே!" என்று அவர் தன் தூக்கை அதில் மாட்டினார். நான் மூங்கிலைத் தூக்கினேன். அதற்கு ஒரு கை போதும். வண்டி நறநறவென்று உள்ளே போனது.