மூன்றாவது டப்பா

எங்கள் காரின் டிக்கியைத் திறந்தால் ஒரு வாடை வரும் பாருங்கள், மூக்குள்ளவன் கிட்டே நிற்க மாட்டான். மகள் ஐஸ் ஹாக்கி ஆடுகிறாள். எல்லாம் அவளுடைய பையின் கைங்கரியம். நனைந்த சாக்கும் புளித்துப்போன மாவும் கலந்த வாடை. நேற்று வெஸ்ட் வின்ட்சர் வீட்டு கராஜில் பையை இறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டேன். "டோன்ட் பி சோ டிராமாட்டிக், அப்பா" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், நான் அந்த நொடியில் நியூ ஜெர்சியிலேயே இல்லை. டெக்சஸுக்குப் போய்விட்டேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. எனக்கு டெக்சஸில் கான்ட்ராக்ட் வேலை. சுமதிக்கு வேலை பார்க்க விசா கிடையாது, கார் ஓட்டவும் தெரியாது. பகல் முழுக்க அபார்ட்மென்ட் சுவர்களோடுதான் பேச வேண்டும். ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தால், ஒரு குண்டா இட்லி மாவையும் சிங்க்கில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். "கெட்டுப் போச்சுங்க, வீடே நாறுது" என்றாள். மறுநாள் மாவு இல்லை. நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது. எட்டிப் பார்த்தோம். கீழ்வீட்டு பால்கனியில் கையுறை, முழங்கால் கவசம், இன்னும் என்னென்னவோ காய்ந்துகொண்டிருந்தன. அநியாயமாக நல்ல மாவைக் கொட்டிவிட்டாள்.

சண்டைக்கென்று கீழே இறங்கிப் போனவள், இரண்டு டிக்கெட்டோடு திரும்பி வந்தாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி இங்கிலீஷில் சண்டை போட்டால் அப்படித்தான் முடியும். கீழ்வீட்டுப் பையன் பெயர் கைல். கனடாக்காரன், எங்கள் ஊர் ஹாக்கி அணியில் ஆட்டக்காரன். அணியே வீடு பிடித்துக் கொடுத்திருந்தது. காலையில் பயிற்சி, மத்தியானம் வீடு. ஆக, பகலில் அந்தக் கட்டடத்தில் அவனுக்கு சுமதி துணை, சுமதிக்கு அவன் துணை. அக்கா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தாள். "ஆக்கா" என்பான்.

ஹாக்கியில் சம்பளத்துக்கு ஆடும் லீக்குகள் மேலும் கீழுமாகப் பல உண்டு என்று அவன்தான் விளக்கினான். எனக்குப் பாதி புரிந்தது. சுமதி உள்ளே போய், கல்யாணத்துக்கு அவள் தாய்மாமன் சீராகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாக்களை எடுத்து வந்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்கு, ஒவ்வொன்றிலும் மாமன் பெயர் வெட்டியது. பெரியது, டிவியில் காட்டுகிற லீக். அடுத்தது, ஒரே ஒரு போனில் அங்கே போய்விடக்கூடிய லீக். "இது நீ" என்று மூன்றாவதைத் தட்டிக் காட்டினாள். அதற்கும் கீழே இருப்பதைப் பார்த்துக் கைல் கொஞ்சம் ஆறுதலடைந்தான்.

மூன்றையும் நேரில் பார்த்தவன் என்ற தகுதியில் நானும் சொல்கிறேன். பெரிய லீக்கில் ஆட்டக்காரர்கள் எறும்பாகத்தான் தெரிவார்கள். மேலே தொங்கும் திரையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இரண்டாவதில் முகம் தெரியும். மூன்றாவதில் அந்த முகத்தில் எந்தெந்தப் பல் இல்லை என்பது வரைக்கும் தெரியும். நாலாவதில் அடிதடிக்கு நடுவே கொஞ்சம் ஹாக்கியும் நடக்குமாம், கைல் சொன்னது. இன்னொன்று: மேலே போகப் போக, பந்துக்குப் பதிலாக அடிக்கிற அந்தக் கறுப்பு வில்லைதான், அதாவது பக், ஓடும், கீழே வர வர ஆள்தான் ஓடுவான். ஆனாலும் எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். நேற்று கோல் போட்டவன் இன்றைக்கு வந்து ரசம் இருக்கிறதா என்று கேட்பது வேறு எந்த லீக்கில் நடக்கும்?

மேல் லீக்கில் எவனுக்காவது அடிபட்டால் கைலுக்கு போன் வரும். உடனே கிளம்ப வேண்டும். முதல் தடவை சுமதி எலுமிச்சை சாதத்தை அந்த மூன்றாவது டப்பாவிலேயே கட்டிக் கொடுத்தாள். "ஏனுங்க, டப்பாவ மறக்காம கொண்டாரச் சொல்லுங்க" என்றாள். அந்த அடுக்கில் ஒரு மூடியை நான் ஆபீஸில் தொலைத்துவிட்டுப் பட்ட பாடு நாய் படாத பாடு.

கைல் மறக்கவில்லை. இரண்டு வாரத்தில் டப்பாவும் வந்தது, ஆளும் வந்தான். அங்கே அடிபட்டவன் எழுந்து நடந்துவிட்டான், இவனைக் கீழே அனுப்பிவிட்டார்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று சுமதி அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாள், உள்ளே கன்னங்கரேலென்று ஒரு வில்லை. "கருப்பட்டியுங்களா?" என்று பூரிக்கட்டையை எடுத்துவிட்டாள். பக் உடையவில்லை, கட்டையில்தான் கீறல் விழுந்தது. இரண்டாம் தடவை தக்காளி சாதம். அப்போதும் டப்பா வந்தது, சாக்லேட்டோடு. ஆளும் வந்தான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

மூன்றாம் தடவை போன் வந்தபோது கைல் எங்கள் வாசலில் வந்து நின்றான். இதுதான் கடைசி, இனியும் கீழே அனுப்பினால் ஆட்டத்தை விட்டுவிட்டு ஊரில் அப்பாவோடு கூரை போடும் வேலைக்குப் போய்விடுவேன் என்றான். சுமதி கையில் டப்பாவோடு வந்தாள். அதைப் பார்த்ததும் "நோ, ஆக்கா" என்று பின்வாங்கினான். என்னிடம் தனியாக, தயங்கித் தயங்கிச் சொன்னான்: அந்த டப்பாதான் ஒவ்வொரு தடவையும் தன்னைத் திரும்ப இழுத்து வருகிறதாம். இடது காலுறையை முதலில் மாட்டாமல் ஐஸில் கால் வைக்காதவனிடம் என்ன வாதம் செய்வது?

சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு யாரும் அவளிடம் தப்பியதில்லை. மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டு, "தயிர் வாங்கின பிளாஸ்டிக் டப்பா ஏதாச்சும் இருந்தா அதுல போட்டுக் குடுத்துரேன்" என்றேன்.

"நல்ல காரியத்துக்குப் போற புள்ளைக்கு தயிர் டப்பாவுலயா குடுப்பாங்க?"

டப்பாவின் மூடியை இறுக்கி மூடினாள். அப்புறம் அவன் கையைப் பிடித்து டப்பாவை அதில் வைத்தாள். "இதத் திருப்பிக் கொண்டார வேண்டாமுன்னு சொல்லுங்க. இது அவனோடது."

சொன்னேன். கைல் குனிந்து, வாசிக்கத் தெரியாத அந்த மாமன் பெயரை விரலால் தடவினான். அவ்வளவு பெரிய ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வண்டி திரும்புகிற வரைக்கும் சுமதி சிரித்துக்கொண்டே கையாட்டினாள். உள்ளே வந்ததும், "இனிப் பகல்ல நான் யாருகிட்டங்க பேசறது?" என்று அழுதாள். எனக்கும் என்னவோ போலிருந்தது.

அவன் திரும்பி வரவில்லை. ஒரே ஒரு போட்டோ வந்தது: புது அணியின் உடை மாற்றும் அறையில் அவன் அலமாரி, அதில் நம்ம டப்பா, உள்ளே மட்டையில் சுற்றும் டேப். "சோறு போடற டப்பாவுல டேப்பப் போட்டு வெச்சிருக்கறானே!" என்று திட்டிக்கொண்டே, நாங்கள் நியூ ஜெர்சிக்குக் குடிவந்த பிறகும், எடிசன் இந்தியக் கடையில் காய்கறி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பல வருஷம் அதைக் காட்டினாள்.

டெக்சஸில் அவன் ஆடிய அந்தப் பழைய அணி இப்போது இல்லை. மூன்றாம் லீக் அணிகள் அப்படித்தான், ஒரு சீசனில் இருக்கும், மறு சீசனில் இருக்காது. அரங்கத்தில் பெரிய ஜிம் வந்துவிட்டதாம். கைலின் பழைய போன் நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள். டப்பா அடுக்கை வெளியே எடுத்தால், நடுவில் ஒன்று இல்லாததால் நாலாவது லொடலொடவென்று ஆடும். நேற்று மகளுக்குச் சாப்பாடு கட்டும்போதும் ஆடியது. அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமே என்றேன்.

"வேண்டாமுங்க" என்றாள். "அது போன எடத்துலயே இருக்கட்டும்."