அரசியல் படித்தவள்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் புத்தகங்கள் குளிர்காயும். வில்பட்டியில் மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து தாள்களை நமுத்துப்போக வைத்துவிடும். என் மனைவி அவற்றை விரித்து அடுப்புக்கு எதிரே நிறுத்தி, காய் நறுக்கிக்கொண்டே வாசிப்பாள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, எழுபதுகளின் கடைசியில், அஞ்சல் வழியில் அரசியல் விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தவள் அவள். ஆள்பவன் எப்படி இருக்க வேண்டும், மக்கள் ஏன் ஒருவனுக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்றெல்லாம் பேசும் பல தேசத்துப் பழைய நூல்கள். மந்திரியாகப் போகிறாயா என்று கேட்டவர்களுக்குச் சிரிப்பைத்தான் பதிலாகத் தந்தாள். படித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்வாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த ராஜாக்கள் எல்லாம் பக்கத்துத் தெருக்காரர்கள் போலப் பழகிப்போனார்கள்.

நான் அப்போது ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். கொடைக்கானலுக்கு ஓட்டல் வேலைக்கும் பள்ளிக்கூடச் சமையலுக்கும் போகும் பெண்களுக்கு அதை விட்டால் நடைதான். ஆள் நிரம்பாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. தாமதமாகப் போனவர்களை வேலையிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையில் என் ஜீப்பில் போனவர்களே மழையில் நனைந்தபடி நடந்து திரும்புவதைப் பார்க்க நேரும்போது எனக்கு முகம் சுருங்கிவிடும்.

அரசுப் பேருந்து கேட்டு என் மனைவி மனு எழுதினாள். வீடு வீடாகப் போனாள். பெண்கள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை. முதலாளியின் பகை யாருக்கு வேண்டும்? விஷயம் அவர் காதுக்குப் போய், என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, பஸ்ஸு வந்தா மொதல்ல ஒன் சோலிதான் போகும். வீட்டுல சொல்லி வை."

வீட்டில் சொன்னேன். அவள் சொன்னாள்: "அது தெரியாம இல்லீங்க. இத்தன பொஸ்தகம் படிச்சேன், எல்லாத்துலயும் தலைவருங்க அடுத்தவன் வீட்டுப் பிள்ளையத்தான் முன்னால அனுப்புறாங்க. நம்ம வீட்டுல இருந்து ஒண்ணும் போகாம, அவங்கள நான் எந்த வாயால கேப்பேன்? ஆனா சோலி உங்களது. நீங்க வேண்டாம்னா மனுவக் கிழிச்சுப் போட்டுர்றேன்."

மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டாள். மறுநாள் வெள்ளனே போய், ஜீப்புக்காகக் காத்திருந்த பெண்கள் பார்க்கப் பார்க்க, சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண்கள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்தும் தெரியாதவர்கள் கைநாட்டுமாக மனு நிறைந்தது.

மனுவோடு போக்குவரத்து அதிகாரியைப் பார்க்கப் போனபோது என் மனைவி வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சமையல் செய்யும் ஓர் அக்காவைப் பேசவைத்தாள். நனைந்தவர்கள்தான் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றாள். அந்த அலைச்சலில் அந்த வருடத் தேர்வில் ஒரு தாள் போயிற்று. அடுத்த வருடம் எழுதித் தேறினாள். அவள் பட்டம் வாங்கிய படம் இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு நான்தான் அதைக் காட்டுவேன்.

இப்போது அந்தத் தடத்தில் பேருந்து போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் நாள் அப்படி இல்லை. நான் நகரத்துக்கு லாரி வேலை தேடிப் போவதற்காக ஏறினேன். ஓட்டுநருக்கு அருகே உட்கார்ந்திருந்த சமையல்கார அக்கா எழுந்துகொண்டாள்.

"அண்ணே, இப்பிடி வாங்க. இத்தன நாளு எங்களுக்கு ஓட்டுனீங்க. இன்னைக்கு ஒக்காந்து வாங்க."

உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் வண்டி நிறையப் பெண்கள். அவர்களுக்கு நடுவே, இடம் கிடைக்காமல், கம்பியைப் பிடித்தபடி என் மனைவி நின்றுகொண்டு வந்தாள்.