வெளி ஆள் மேல் புகார்

கல்லூரியில் மாணவன் தப்பு செய்தால் சஸ்பெண்ட் செய்யலாம், வாத்தியார் செய்தால் மெமோ கொடுக்கலாம். வெளி ஆள் செய்தால் மட்டும் புகார்க் குழுவில் இருக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்திக்கொண்டே அந்தக் குழுவுக்குத் தலைவியாகவும் மாட்டிக்கொண்டவள் நான். உங்களையும் யாராவது இப்படிப் பிடித்துப் போட்டிருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

குத்துவிளக்கு போட்டோ

ஆண்டு விழாவுக்கு வந்த போட்டோகிராபர், மேடையில் ஆடிய பெண்களை எடுக்கக் கூடாத விதத்தில் எல்லாம் எடுத்திருக்கிறார் என்று புகார். கேமராவை வாங்கிப் பார்த்தேன், பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்களையே பக்கத்தில் உட்காரவைத்து, படங்களை ஒவ்வொன்றாக அழிக்க வைத்தேன். அதற்கு முன்னால் மனுஷர் என்னை மடக்கப் பார்த்த லட்சணம் இது:

"அழிக்கிறேன் மேடம். உங்க சேர்மன் குத்துவிளக்கு ஏத்துனதும் இதே கார்டுலதான் கீது. அத்தயும் சேத்து அழிச்சுடவா?"

ரூட் மாற்றம்

எங்கள் பஸ்கள் எல்லாம் வாடகை பஸ்கள். டிரைவர்களை வைத்திருப்பது பஸ் முதலாளி. பட்டாபிராம் ரூட்டில் வரும் இரண்டாம் ஆண்டு மாணவி கவிதா, டிரைவர் தினமும் போன் நம்பர் கேட்கிறான், இறங்கும்போது வழியை மறிக்கிறான் என்று அழுதாள். முதலாளிக்குப் போன் போட்டேன். "ஆளை மாத்திட்டேன் மேடம்" என்றார்.

அடுத்த வாரம் பார்த்தால், அதே ஆள் எங்கள் பூந்தமல்லி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு ஜம்மென்று கேட்டுக்குள் நுழைகிறான். மறுபடியும் முதலாளியைப் பிடித்துக் கத்தினேன். எனக்கு ஏன் கோபம் என்றே அவருக்கு விளங்கவில்லை.

"இன்னா மேடம் நீங்க, கம்ப்ளைண்ட் குடுத்த பொண்ணுதான் அந்த பஸ்ல வர்லியே!"

டி.சி.

அவன் இன்னும் கல்லூரிக்குள் வந்து போகிறான் என்று தெரிந்ததும் கவிதா வருவதையே நிறுத்திவிட்டாள். கடைசியில் அவளுடைய அப்பா, ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருப்பவர், டி.சி. வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கொடுக்காதீர்கள் என்று எனக்குத் தலையாட்டினாள் அவள். டிரைவர் எங்கள் ஊழியர் இல்லை, முதலாளியிடம்தான் சொல்ல முடியும் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தாளு உங்க ஆளு இல்ல, சரிங்க. எம்பொண்ணு உங்க பொண்ணுதானே?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். இவன் எங்களுடைய எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஒப்பந்தமே ரத்து என்று அவரையே முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லவைத்த பிறகுதான் வெளியே வந்தேன். போலீஸில் புகார் கொடுக்கவும் நானே கூடப் போனேன். ஸ்டேஷன் வாசலில் அப்பா, "டி.சி. வேணாங்க" என்றார். கவிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"வராத நாளுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் போட்டுடுவீங்கல்ல மேடம்?"

வெளி ஆளை வெளியே அனுப்ப ஒரு போன் போதும். அந்தப் போனைப் போடச் சொல்லி உள்ளே இருப்பவர்களை நாற்காலியிலிருந்து கிளப்புவதுதான் இந்தக் குழுவின் முழுநேர வேலை.