பன்னிரண்டாவது நட்சத்திரம்

எங்கள் பள்ளித் தமிழ் டீச்சருக்குப் புத்தகம் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். மாதம் ஒரு வகையாக ஒரு வருடம் படிக்கும் போட்டி வைத்தவர், பிள்ளைகளோடு தன் பெயரையும் பட்டியலில் எழுதினார். கதை, பயணம், நாடகம் என்று முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள்.

பதினோராம் மாதம் அவர் கணவர் மாரடைப்பில் போய்விட்டார்.

கடைசி மாதத்துக்கான வகை நாட்குறிப்பு. டீச்சர் கணவரின் டைரியை எடுத்துப் படித்தார். எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை, கூட வேலை பார்க்கும் எனக்கும் காட்டினார்.

"இன்னைக்கும் நெஞ்சு வலிச்சுது. சொல்லலாம்னு போனேன். டீச்சரம்மா போட்டிக்குப் படிச்சிட்டிருந்தா. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். "டீச்சர், முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்."

கைதட்டிக்கொண்டே அந்தப் பாழாய்ப்போன நட்சத்திரத்தை ஒட்டினார்கள்.