ஹாரன் மட்டும் பாக்கி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸில், பெற்றோர்கள் என் மேசைக்கு வருமுன் பக்கத்து மேசையில் ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது எல்லாம் அந்தக் கோபத்தால் நடந்தது.

என் கணவர் பிக்கப் வண்டி ஓட்டினார். விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய், காய்கறி மூட்டைகளைக் கடைகடையாக இறக்கிவிட்டு, பதினொரு மணிவாக்கில் மர்பி டவுனில் எங்கள் சந்துக்குத் திரும்புவார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, எதிர்ச் சுவரோரம் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்துவார். நிறுத்தியதும் இறங்கமாட்டார். ஹாரன் அடிப்பார். வீட்டில் இருக்கும் நாளில் நானோ மகளோ ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்து, மிஞ்சிய காய்ப்பையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் பெரிய துரை மாதிரி இறங்குவார். வருஷக்கணக்கில் போனேன். ஒரு சனிக்கிழமை, அவர் கிளம்பும்போதே சொல்லிவிட்டேன்.

"இனிமே ஹாரன் அடிச்சுக் கூப்பிட்டா வரமாட்டேன். நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, க்ளீனரா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அன்று பதினொரு மணிக்கு ஹாரன் மூன்று முறை அடித்தது. நான் சமையலறையில் நின்றிருந்தேன். கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, இறங்கி வரட்டும் என்று வீம்பாக நின்றேன். அரைமணி கழித்து, சந்து முனையில் இஸ்திரி போடுகிறவர் வந்து கதவைத் தட்டினார். என் கணவர் சீட்டில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தார். மாரடைப்பு என்றார்கள். பக்கத்தில் ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள். அப்படித்தான் எல்லோருக்கும் சொல்வார்கள் போலிருக்கிறது.

துக்கத்துக்கு வந்த யாரோ, ஹாரன் சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டார்கள். மொட்டை மாடியில் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்தது அதுதான். பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னேன், சர்ச் ஃபாதரிடமும் சொன்னேன். பன்னிரண்டு வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு அவளிடமும் அதையே சொன்னேன். அவள் அந்த நேரம் டியூஷனில் இருந்ததாகச் சொன்னாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கே தெரிந்தாலும் தெரியட்டும், அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. எனக்கு மிஞ்சியது அவள் ஒருத்திதான்.

வண்டி நான்கு வருஷம் அதே இடத்தில் நின்றது. விற்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வாங்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்ட வேண்டுமே, அதற்குப் பயம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சந்தின் இந்த ஓரமாகவே நடப்பேன். கண்ணாடியில் இலை அப்பி உள்ளே இருட்டாக இருக்கும். அந்த இருட்டில் யாரோ உட்கார்ந்து நான் வருகிறேனா என்று பார்ப்பது போலவே இருக்கும். ஒருநாள் வாய்விட்டே திட்டினேன். "இறங்கி வாங்களேன், என்ன இப்போ?" எதிர்வீட்டு அம்மா நான் செல்போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம், கேட்பாரற்று நிற்கும் வண்டியை எடுக்காவிட்டால் இழுத்துப்போவோம் என்று கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பழைய இரும்பு வாங்குகிறவரை வரச்சொன்னேன். மகள் ஒற்றைக்காலில் நின்றாள். விற்கக் கூடாது, நானே ரெடி பண்ணுகிறேன் என்றாள். சைக்கிள் செயின் கழன்றால் மாட்டத் தெரியாது, இவள் பிக்கப்பை ரெடி பண்ணப் போகிறாளாம் என்று கிண்டல் செய்தேன். அவள் பி.யூ.சி. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாளியும் துணியுமாகப் போய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். வேறு வழியில்லாமல் நானும் போனேன்.

நீலசந்திராவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து இன்ஜினைப் பார்த்துக்கொண்டார். மற்றதெல்லாம் நாங்கள்தான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும். டயர், துரு, பெயின்ட், கதவுப் பூட்டு. ஒயரையெல்லாம் பெருச்சாளி கடித்துவைத்திருந்தது. சீட்டுக்கு அடியில் அதன் கூடு. கடைகளுக்குச் சரக்கு இறக்கிய ரசீதுகளைக் கடித்துக் கட்டிய கூடு அது, அத்தனையிலும் அவர் கையெழுத்து துண்டு துண்டாக இருந்தது. மகள் அதை அள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டாள். குப்பையில் போடு என்று நான் சொல்லவில்லை.

அவள் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வேலை கற்றாள். எனக்கு ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் வேலை. நானும் அவளும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போடாமல் இரண்டு மணிநேரம் பேசியது அந்த வண்டியடியில்தான். அது எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க, இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் நட்டைத் திறந்து மூட வேண்டும். நீ உள்ளே ஏறு என்றாள். நான் மூட்டு வலி என்றேன், புடவை அழுக்காகும் என்றேன். கடைசியில் ஏறினேன். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து சீட்டு ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது, அந்தப் பள்ளத்தில் நான் சரிந்தேன். கீழிருந்து அவள், அமுக்கு, பிடி, விடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் பின்னால் பார்க்கிற கண்ணாடி அவர் திருப்பிவைத்தபடியே துருப்பிடித்து இறுகியிருந்தது. எனக்கு அதில் மரக்கிளை மட்டும் தெரிந்தது. அவர் என்னைவிட ஒரு முழம் உயரம். ஸ்டியரிங்கைப் பிடித்து எக்கிப் பார்த்தேன்.

எங்கள் சமையலறை ஜன்னல் தெரிந்தது. அங்கே நிற்கிற ஆளும் தெரியும்.

"அம்மா, பிடிச்சுக்கோன்னேன், ஏன் விட்டுட்ட?" என்று கீழிருந்து கத்தினாள். கால் மரத்துப்போச்சு என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சமையலறையில் நிற்க முடியவில்லை. ஜன்னலுக்கு ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். வெயில் என்று காரணம் சொன்னேன்.

எஃப்.சி. வாங்கினால்தான் வண்டி ரோட்டில் ஓடலாம். அதற்கு என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று மகள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். ஹாரன் மட்டும் பாக்கி. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாராவாரம் தள்ளினாள். வாங்கிவந்த புது ஹாரன் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கட்டிலடியில் கிடந்தது. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது, ஏன் என்று நான் கேட்கவில்லை. என்னை அக்கா முறையில் ஆபா என்று கூப்பிடும் மெக்கானிக்தான் ஒருநாள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஆபா, ஹாரன் இல்லாம எஃப்.சி. கொடுக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைப் பிரித்தாள். பானெட்டுக்குள் தலையை விட்டு ஒயரை இணைத்தாள். நான் டிரைவர் சீட்டில் இருந்தேன். அமுக்கு என்றாள். கையை வைத்தேன், அமுக்க வரவில்லை. மறுபடி அமுக்கு என்றாள். அப்புறம் பானெட்டுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கிரீஸ் கையோடு வந்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னேன். "அன்னிக்கி நான் மாடியில இல்லடி. சமையக்கட்டுல இருந்தேன். ஹாரன் கேட்டுச்சு. மூணு தடவ அடிச்சாரு. வேணும்னே போகல."

சொல்லிவிட்டேன். இனி இவள் என்னோடு பேசமாட்டாள், படிப்பு முடிந்ததும் எங்காவது ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும்மா" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"மாடியில நான்தான் இருந்தேன்."

டியூஷனுக்குப் போகாமல், என் செல்போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டி மறைவில் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தாளாம். இறங்கிவந்தால் மாட்டிக்கொள்வோம் என்று இருந்துவிட்டாளாம். நான் மாடியில் இருந்ததாக ஊரெல்லாம் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான்கு வருஷம். என் பொய்யை மறைக்க நான் பட்ட பாட்டையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"மூணு இல்லம்மா, நாலு" என்றாள். "மூணாவது அடிச்சதும் நீ மிக்ஸி போட்டுட்ட. அதான் உனக்குக் கேக்கல. மேல கேட்டுச்சு."

மிக்ஸி போட்டது உண்மை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சட்னிக்கு அரைப்பது போல, வெறும் ஜாரை ஓடவிட்டேன்.

நீயாவது ஏன் போகவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வாய் அப்படி.

"நீ போவன்னு நினைச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். செத்த வீட்டில்கூட இவள் இப்படி அழவில்லை. அவள் தலையை இழுத்து என் தோளில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன். சந்தில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன்.

எஃப்.சி. கிடைத்துவிட்டது. ஹாரனைச் சோதிக்கும்போது அவள்தான் எட்டி அமுக்கினாள். வண்டியை இப்போது ஒரு டிரைவர் ஓட்டுகிறார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம், முன்பைவிட அதிகமாகவே. அவரைப் பற்றியும் பேசுகிறோம். ஒன்றை மட்டும் அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த நாலாவது, மற்ற மூன்றைப் போல அதட்டலாக இருந்ததா, இல்லை, சின்னதாக இருந்ததா?