புதன்கிழமை நாற்காலி

பல் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் பல்லக்கா என்பார்கள். பல்லைப் பிடுங்குவது டாக்டர். பிடுங்க வந்தவரின் கையைப் பிடித்துக்கொள்வது, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயோரம் வைப்பது, கருவிகளைக் கழுவி அடுக்குவது, முடிவதற்கு வெகு முன்னாலேயே "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்று சொல்வது எல்லாம் பல்லக்கா. ஊசி போட்டவர்களை அனுப்பும்போது ஒரே பாட்டுத்தான்: "மரப்பு போற வரைக்கும் எதையும் மெல்லாதீங்க. நாக்கைக் கடிச்சாலும் தெரியாது."

ஒரே மகன். படித்து, வேலை கிடைத்து, இரண்டு வருடம் ஒழுங்காகப் போய்வந்தான். நடுவில் எப்போதோ ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு நாள், மலையடிவாரத்தில் இருக்கும் கிறிஸ்தவத் துறவிகள் மடத்தில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டான். அவசியமில்லாமல் வாய் திறக்காத மடம். அன்று பல்லக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள். அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. அதற்குப் பிறகு அழுவது என்பது யாரோ செய்கிற வேலையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

புருஷனுக்கு வண்டி உதிரிபாகக் கடை. வீட்டில் சாமி படமே கிடையாது. "நம்ம வீட்டுல பொறந்தவனுக்கு இந்தப் பித்து எங்கேருந்து ஒட்டிச்சு?" என்று கொஞ்ச நாள் கத்தினார். அப்புறம் மகன் பேச்சையே எடுப்பதில்லை.

வருடங்கள் போயின. மடத்துத் தலைவர் ஒரு நாள் போன் செய்தார். மகன் இறுதி வாக்குறுதி எடுக்கப்போகிறான். அதை எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மடம்தான். அதற்கு முன் வீட்டு ஆட்கள் ஒரு மணி நேரம் வந்து பேசலாம்.

"என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா. வீட்டுக்கு வான்னு கூப்பிட்டாலும் தப்பில்ல. அவர் யோசிச்சுத்தான் பதில் சொல்லணும். அதுதான் எங்க ஒழுங்கு."

புருஷனுக்கு உயிர் வந்துவிட்டது. "அழுது கூப்பிட்டா வரமாட்டான். அவன் நியாயம் பேசற பய. நியாயமாத்தான் மடக்கணும்," என்றார். நூலகத்து அறிவிப்புப் பலகையில் பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளின் விவரம் ஒட்டியிருந்தது. கணினி, தையல், கிறிஸ்தவமும் உலக மதங்களும். "இதுல சேரு. எங்க ஓட்டை இருக்குன்னு பாத்துட்டு வா. அத வெச்சு அடிப்போம்."

ஆக, எதிர்க்கடையில் சரக்கு பார்க்கப் போகிறவளைப் போலத்தான் பல்லக்கா புதன்கிழமைதோறும் நூலக மாடி ஏறினாள்.

வகுப்பு எடுத்த அம்மாள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூண்டில் நிற்பவன் 'நான் திருடவில்லை' என்றால் அவரும் 'நான் திருடவில்லை' என்றே சொல்ல வேண்டும். 'இவர் திருடவில்லையாம்' என்று சொல்லக் கூடாது. முப்பது வருடம் அப்படி அடுத்தவர் 'நானை'ப் பேசிப் பழகியவர், அதையே வகுப்புக்கும் சட்டமாக்கிவிட்டார். நடுவில் ஒரு நாற்காலி. சீட்டுக் குலுக்கி யார் பெயர் வருகிறதோ அவர் உட்கார வேண்டும். தனக்குச் சொந்தமில்லாத ஒரு மதத்துக்காக 'நான்' என்று பேச வேண்டும். மற்றவர்கள் கிடுக்கிப்பிடி போடுவார்கள். பதில் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு மதத்தின் துறவையும் பற்றிப் பேசிய வாரத்தில் முதல் சீட்டு சலூன்காரருக்கு. சமணத் துறவி.

"முடியைக் கையாலயே பிடுங்கிக்கணுமா?" தலையில் கை வைத்துக்கொண்டார். "என் பொழைப்புல மண்ணள்ளிப் போடற மதமா இருக்கே!"

"'என் மதம்'னு சொல்லுங்க," என்றார் ஆசிரியை.

"என் மதம் என் கடைய மூடிடும் டீச்சர்!"

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த சீட்டு பல்லக்காவுக்கு. கிறிஸ்தவத் துறவி. மகன் விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. வேறு மதம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. போய் உட்கார்ந்தாள்.

சலூன்காரர்தான் ஆரம்பித்தார். "என்ன சாமி, சின்ன வயசு, நல்ல முடி. எதுக்கு இந்தக் கோலம்?"

"கூப்பிட்டாங்க. வந்துட்டேன்."

"யாரு கூப்பிட்டா? போன்லயா, நேர்லயா?"

"குரலெல்லாம் கேக்கல. பல்வலி மாதிரி. எந்தப் பல்லுன்னு காட்டத் தெரியாது. ஆனா இருக்கு."

வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கும்பிடறத வீட்லேருந்து கும்பிட வேண்டியதுதானே? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா பத்தாதா?"

"பத்தல. மிச்ச ஆறு நாள் இருக்கே."

"பெத்தவங்கள அம்போன்னு விட்டுட்டு வந்தது சுயநலம் இல்லையா?"

புருஷன் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கேள்வி அது. முதல் அடியே அதுதான் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பதிலே இருக்க முடியாது என்றுதான் பல்லக்காவும் நினைத்திருந்தாள்.

"வேலைக்காக ஏதோ தூரதேசம் போயிருந்தா இப்படிக் கேப்பீங்களா? நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லியிருப்பீங்க," என்றது அவள் வாய்.

"சரி, உங்க அம்மா அழுதாங்களா?"

"இல்ல."

"அடேங்கப்பா, கல்நெஞ்சுக்காரியா?"

"அன்னிக்கு அவங்களுக்கு வேலை ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். பல்லக்கா கற்பனையில் பின்னி எடுக்கிறாள் என்று நினைப்பு. சலூன்காரர் விடவில்லை. "இப்ப அந்த அம்மாவே வந்து, வீட்டுக்கு வாடான்னு கூப்பிட்டா?"

பல்லக்கா முந்தானையால் நாற்காலிக் கையைத் துடைத்தாள். "பதில் சொல்லணும்," என்று ஆசிரியை மெதுவாக நினைவூட்டினார்.

"வருவேன்."

"அவ்வளவுதானா? தோத்துட்டீங்களே சாமி!"

"வருவேன். சாப்பிடுவேன், வேலைக்குப் போவேன், அம்மா பாக்கறப்ப சிரிப்பேன். அவங்களுக்கு நிம்மதியா இருக்கும். நான் மட்டும் அங்க இருக்க மாட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். "பல்லக்கா, நிஜமாவே சாமியாராப் போயிடாதீங்க. எங்க பல்லுக்கு யாரு?" என்றார் சலூன்காரர். அவளும் கூடச் சிரித்தாள். படியிறங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தாள்.

மடத்துக்கு அவள் மட்டும்தான் போனாள். கடையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்ட புருஷன், எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி என்று வாசல்வரை வந்து ஒப்பிக்கவைத்தார்.

பார்வையாளர் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தண்ணீர்ச் செம்பு. மகன் வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கை காய்த்திருந்தது.

"அப்பா வரலையாம்மா?"

"கடை."

புது டாக்டரைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து வீடு விலைபோனதைச் சொன்னாள். அவன் காய்கறித் தோட்டத்தைப் பற்றிச் சொன்னான். பிறகு தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

"கேக்கணும்னு வந்ததைக் கேளும்மா."

மனதில் வரிசையாக எல்லாக் கேள்வியும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே பதிலும் இருந்தது, அவள் குரலிலேயே.

"வாயைத் திற," என்றாள்.

"என்னம்மா?"

"திறடா."

திறந்தான். அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உதட்டை விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு பிள்ளையின் முகத்தைத் தொடுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். விரல் தன் வேலையைப் பார்த்தது.

"கீழ கடைவாய்ப் பல்லுல சொத்தை ஆரம்பிக்குது. இப்பவே அடைச்சா பல்லு நிக்கும்."

"இங்க டாக்டர் வருவார். காட்டறேன்."

"காட்டு."

"வேற எதுவும் கேக்கலையா?"

"இல்ல."

அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ கூப்பிட்டா என்ன செய்யறதுன்னு ரொம்ப நாளா எனக்குத் தூக்கமில்ல."

"வந்திருப்ப."

"ஆமா. வந்திருப்பேன்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது புருஷன் கடையில் ஒரு கிளட்ச் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் நகரும்வரை பொறுத்திருந்தார்.

"கேட்டியா? சுயநலம்னு சொன்னதுக்கு என்ன சொன்னான்?"

"கேக்கல."

"அப்புறம் எதுக்கு அத்தனை புதன்கிழமை வகுப்புக்குப் போன?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பான். அவனே சொன்னான்."

அவர் கையில் கேபிள் அப்படியே நின்றது. "வரேன்னு சொன்னவனையா விட்டுட்டு வந்த? உனக்கென்ன மூளை கழண்டுபோச்சா?"

நாற்காலியில் உட்கார்ந்தபோது தானாக வந்த வார்த்தைகளில் ஒன்றாவது இப்போது வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

"வந்திருந்தா நீங்க தினமும் அவன் மூஞ்சியப் பாக்கணும்," என்றாள். "நானும் பாக்கணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒருவர் பிரேக் ஷூ கேட்டு வந்தார். புருஷன் எழுந்து மேல்தட்டில் தேடினார். அது கீழ்த்தட்டில், கண்ணுக்கு நேரே இருந்தது. பல்லக்கா எடுத்துக் கொடுத்தாள். வந்தவர் போனபிறகும் அவர் மேல்தட்டைப் பார்த்தபடியே நின்றார்.

"வாக்குறுதி என்னிக்கு?"

தேதியைச் சொன்னாள்.

"நான் வரமாட்டேன்."

"சரி."

"நீ?"

"போவேன்," என்றாள்.